‘அஞ்சு வருஷம் கழிச்சு’ என்றால் கூட்டலா, கழித்தலா?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி விவரங்களைச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் பேச்சு தமிழ்தான். கணவனும் மனைவியும் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை நடத்துகிறார்கள். மகன் இரண்டாம் வகுப்பு. வரும் மார்ச்சில் 8 வயது நிறைகிறது. முதல் வகுப்பை அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவனை, இந்த ஆண்டு ஒரு தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குவது மலையாளம். 47 + 25 என்று எழுதிக் கொடுத்தால் 72 என்று போட்டுவிடுகிறான். கடையில் 42 ரூபாய் சாமானுக்கு 50 ரூபாய் நீட்டினால் பாக்கிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுக்கிறான். அதே கணக்கு வாக்கியமாக வந்தால் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு, “அம்மா, இது பிளஸ்ஸா மைனஸா?” என்கிறான்.

வகுப்பில் ஒரு சார்ட் கொடுத்திருக்கிறார்கள். மோர், டோட்டல், ஆல்டுகெதர் என்று வந்தால் பிளஸ். லெஸ், லெஃப்ட் என்று வந்தால் மைனஸ். அதை மனப்பாடம் செய்த பிறகு மதிப்பெண் இன்னும் குறைந்து, 20-க்கு 7 வந்திருக்கிறது. இரண்டு முறை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். உறவினர் ஒருவர் டிஸ்கால்குலியா, அதாவது கணக்குச் சார்ந்த கற்றல் குறைபாடு, பற்றிய வீடியோவை அனுப்பிவைக்க, அன்றிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கம் இல்லை. இன்னொரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்கிறார் கணவர். தாய் கேட்பவை: இது நோயா? சான்றிதழ் வாங்க வேண்டுமா? வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு இங்கிலீஷில் பேசலாமா? பழைய பள்ளிக்கே திருப்பிவிடலாமா? நாம் மொழிச் சிறுபான்மையினர், கேள்வித்தாளைத் தமிழில் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறதாமே, உண்மையா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பரீட்சைத்தாள் படங்கள் இரண்டையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தத் தாளிலேயே பதில் இருக்கிறது.

ஆறாவது கேள்வியைப் பாருங்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘முத்துவிடம் 12 கோலிக்குண்டு இருக்கிறது. அது ராஜுவிடம் இருப்பதைவிட 4 அதிகம். ராஜுவிடம் எத்தனை?’ உங்கள் மகன் முதலில் ஏதோ எழுதி, அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்திருக்கிறான். தாள் அங்கே மெலிந்து ஓட்டை விழுந்திருக்கிறது. கடைசியில் 12 + 4 = 16 என்று எழுதியிருக்கிறான். அழித்த இடத்தில் மங்கலாக ஒரு 8 தெரிகிறது. சரியான விடை அந்த 8-தான்.

என் கணிப்பு இது: அவனுக்கு முதலில் சரியாகத்தான் தோன்றியிருக்கிறது. அப்புறம் சார்ட் ஞாபகம் வந்திருக்கிறது. கேள்வியில் ‘மோர்’ இருக்கிறது, மோர் என்றால் பிளஸ். டீச்சர் சொன்னதை நம்பி, தனக்குத் தோன்றியதை அழித்துவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்டதற்காக மதிப்பெண் இழந்த பிள்ளை அவன். சார்ட்டை மனப்பாடம் செய்த பிறகு மதிப்பெண் குறைந்தது ஏன் என்று கேட்டிருந்தீர்களே, காரணம் இதுதான்.

ஒன்பதாவது கேள்வி வேறு மாதிரி. ‘8-ஐ விட 5 அதிகம் என்பதைக் கூட்டல் கோவையாக எழுது’ என்று கேட்டிருக்கிறார்கள். அவன் 13 என்று எழுதியிருக்கிறான், பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள். சரியான விடைக்குப் பூஜ்ஜியமா என்று நீங்கள் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் இதில் டீச்சர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கேட்டது விடையை இல்லை, 8 + 5 என்ற எழுத்து வடிவத்தை. உங்கள் கடையிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சீட்டில் சர்க்கரை 46, டீத்தூள் 30 என்று எழுதி, கோடு போட்டு, கீழே 76 என்று எழுதுவீர்கள் இல்லையா? மேலே இருக்கும் 46 + 30-தான் கோவை. கீழே இருப்பது அதன் மதிப்பு. வெறும் 76-ஐ மட்டும் நீட்டினால், எதுவும் எதுவும் சேர்ந்து 76 என்று வாடிக்கையாளர் கேட்பார். இதை ஒரே ஒரு நாள் சீட்டைக் காட்டிச் சொன்னால் அவனுக்குப் பிடிபட்டுவிடும். அவன் 13 எழுதியதைப் பார்த்தால் வாக்கியம் புரிந்திருக்கிறது. என்ன கேட்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை. நானாக இருந்தால் பாதி மதிப்பெண் கொடுத்திருப்பேன். 5 + 8 என்று எழுதியிருந்தாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்; கூட்டலில் இடம் மாறினால் தொகை மாறாது.

வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஓடினால்

சார்ட்டை இங்கிலீஷில் கொடுத்ததுதான் தப்பு, தமிழில் ஒன்று எழுதி ஒட்டிவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டாம். தமிழிலும் அதே குழிதான். அவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: “இப்போ உனக்கு 7 வயசு. இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு உனக்கு எத்தனை வயசு?” வாக்கியத்தில் ‘கழிச்சு’ இருக்கிறது. செய்ய வேண்டியதோ 7 + 5. மலையாளத்திலும் ‘அஞ்சு கொல்லம் கழிஞ்ஞு’ என்றுதான் சொல்வார்கள். ‘கழித்தல் என்ற சொல் வந்தால் மைனஸ்’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை 2 வயது என்பான். சார்ட் இல்லாத பிள்ளை யோசிக்காமல் 12 என்பான்.

‘மொத்தம் 15 மாம்பழம் வந்தது, அதில் 6 அழுகல், நல்லது எத்தனை?’ என்பதில் மொத்தம் இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். ‘கூட’ என்ற சொல்லோ இன்னும் மோசம். ‘ரெண்டு ரூபா கூடக் கொடு’ என்றால் கூட்டல். ‘ரெண்டு ரூபா கூட இல்லை’ என்றால் கணக்கே இல்லை. ‘என் கூட வா’ என்றால் துணைக்கு வா. உங்கள் பக்கத்தில் வாசல் கூட்டுவதும் கூட்டுவதுதான். இத்தனையையும் உங்கள் மகன் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதில்லை. ஏனென்றால் வீட்டில் அவன் ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குவதில்லை, முழுப் பேச்சையும் கேட்கிறான். பரீட்சைத்தாளிலும் அதையே செய்யலாம் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கூட்டல், கழித்தல் கேள்விகள் பார்க்க நூறு மாதிரி இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் மூன்று கதைகள்தான். ஒன்று, இருப்பதோடு வந்து சேர்வது அல்லது இருப்பதிலிருந்து போவது: 8 மிட்டாய் இருந்தது, 5 வந்தது. இரண்டு, இரண்டு குவியலைச் சேர்த்துப் பார்ப்பது: 8 சிவப்பு, 5 பச்சை, எல்லாம் சேர்த்து எத்தனை. மூன்றாவது ஒப்பிடுவது: உனக்கு 8, எனக்கு உன்னைவிட 5 அதிகம். முதல் இரண்டும் சீக்கிரம் வரும். மூன்றாவதுதான் பிள்ளைகளைத் திணறடிக்கும், எந்த நாட்டிலும். அதில் எதுவும் நகர்வதில்லை, வருவதில்லை, போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்தியாசத்தை மனசில் பிடிக்க வேண்டும். உங்கள் மகன் தவறவிட்ட ஐந்து கேள்விகளில் நான்கு இந்த வகை.

1983-இல் ஹட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஒரு படம் காட்டினார். ஐந்து பறவை, நான்கு புழு. ‘புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம்?’ என்று கேட்டபோது முதல் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 64 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். ‘பறவை எல்லாம் ஓடிவந்து ஆளுக்கு ஒரு புழுவைப் பிடிக்கப் பார்க்கிறது. எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?’ என்று கேட்டதும் எல்லாருமே சரியாகச் சொன்னார்கள். படம் அதேதான், கணக்கும் அதேதான். கேட்ட விதம் மட்டும்தான் மாறியது. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுவேதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் ஒரு சோதனை

கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு இன்னது என்று முத்திரை குத்தக் கூடாது. அதனால் நீங்களே இதைச் செய்து பாருங்கள். ஒரே கேள்வியை எண்களை மட்டும் மாற்றி மூன்று நாளில் மூன்று விதமாகக் கொடுங்கள். முதல் நாள் இங்கிலீஷில் அவனே படிக்கட்டும். அடுத்த நாள் நீங்கள் வீட்டுத் தமிழில் வாயால் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கணக்கு என்றே சொல்லாமல் கல்லாப்பெட்டி மேல் மிட்டாயை வைத்துக் கேளுங்கள்.

தமிழில் சொன்னதும் வந்துவிட்டால், தடை இங்கிலீஷ் வாசிப்பில் இருக்கிறது. மிட்டாயை வைத்தால்தான் வருகிறது என்றால், ஒப்பிடும் வாக்கியம் இன்னும் பழகவில்லை. அதற்குப் பயிற்சி போதும், கீழே சொல்கிறேன். மிட்டாயை வைத்தும் வரவில்லை என்றால் மட்டும் நேரில் ஒரு நிபுணரைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி இப்படி. மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பாருங்கள். முதல் கேள்வியே ‘எத்தனை’ என்று இருக்க வேண்டாம். “சாமி, உங்கிட்ட 12 மிட்டாய் இருக்கு. எங்கிட்ட இருக்கறதைவிட உனக்கு 4 சாஸ்தி. யாருகிட்ட நிறைய இருக்கு?” “எங்கிட்ட.” “அப்போ எனக்கு 12-க்கு மேலயா, கீழயா?” “கீழ.” இங்கே நிறுத்திவிடுங்கள். ‘யாருக்கு அதிகம்’ என்பது தெரிந்துவிட்டால் பிளஸ்ஸா மைனஸா என்ற கேள்வி தானாகவே போய்விடும். அடுத்து நோட்டில் இரண்டு பட்டை வரையச் சொல்லுங்கள். அவனுடையது நீளம், உங்களுடையது குட்டை. நீளப் பட்டையில் வெளியே துருத்தும் துண்டில் 4 என்று எழுதட்டும். சிங்கப்பூர் தொடக்கப் பள்ளிகளில் 1980-களிலிருந்து இப்படிப் பட்டை வரைந்துதான் வாக்கியக் கணக்கைக் கற்றுக்கொடுக்கிறார்கள். எண்ணும் குறியும் கடைசியில்தான் வர வேண்டும்: 12 − 4. எழுதியதும் விடை கேட்காதீர்கள். “இதுல 4 எது? 12 யாரோடது?” என்று கேளுங்கள். விடை போட அவனுக்கு எப்போதோ தெரியும்.

அப்புறம் திருப்பி விளையாடுங்கள். நீங்கள் 8 + 5 என்று எழுதிக் கொடுங்கள், அவன் அதற்கு ஒரு கதை சொல்லட்டும். ‘8 முட்டை இருந்துச்சு, பாட்டி 5 கொண்டு வந்தாங்க’ என்பான். ‘அதே 8 + 5-க்கு இன்னொரு கதை, ஆனா எதுவும் வரக் கூடாது’ என்று கேளுங்கள். அன்றைக்கு அவன் ‘எனக்கு 8, தம்பிக்கு என்னைவிட 5 கூட’ என்று சொல்லிவிட்டால் பெரிய கட்டம் தாண்டியாயிற்று.

வீட்டில் தமிழை நிறுத்தலாமா

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இந்தக் கணக்கில் தமிழ் அவனுக்குப் பெரிய துணை. ‘8-ஐ விட 5 குறைவு’ என்று காதில் விழும் வரிசையிலேயே 8 − 5 என்று எழுதலாம். மலையாளத்தில் ‘எட்டினேக்காள் அஞ்சு குறவு’ என்பதும் அதே வரிசைதான். இங்கிலீஷில் ‘ஃபைவ் லெஸ் தேன் எய்ட்’ என்று 5 முன்னால் வந்துவிடும். இங்கிலீஷே தாய்மொழியான பிள்ளைகள்கூட 5 − 8 என்று எழுதிவிடுவார்கள். உங்கள் மகனின் நான்காவது விடை அதேதான். எண் பெயர்களும் அப்படி. பதினெட்டு என்னும்போதே பத்தும் எட்டும் காதில் கேட்கிறது, இருபத்திமூன்றில் இருபதும் மூன்றும் கேட்கிறது. இங்கிலீஷின் லெவன், ட்வெல்வில் அது மறைந்துபோகிறது.

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேள்வியை இங்கிலீஷில் வாசித்து, தமிழில் கதையாகச் சொல்லி, அப்புறம் குறியில் எழுதட்டும். மூன்று படி. அரைகுறை இங்கிலீஷில் நீங்களும் அவனும் பேசிக்கொண்டால் நடுப்படி உடைந்துவிடும்.

டிஸ்கால்குலியாவா

கணக்குச் சார்ந்த கற்றல் குறைபாடு என்பது உண்மையிலேயே இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதற்கு இடமும் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணிலேயே தடுமாறுவார்கள். 7 பெரியதா 9 பெரியதா என்று யோசிப்பார்கள், மூன்று பொருளைப் பார்த்ததும் மூன்று என்று சொல்ல முடியாமல் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள், 47-இல் இருக்கும் 4 நாற்பது என்பது பிடிபடாது. மனசிலேயே சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளையிடம் இதை நான் முதலில் சந்தேகிக்க மாட்டேன். சான்றிதழும் பொதுவாக 8 வயதுக்கு மேல்தான் தருவார்கள், அதுவும் முறையான பரிசோதனைகளுக்குப் பிறகு. இன்றைக்கு அதற்காக ஓட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது வேறு: கண்ணையும் காதையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். தமிழ் எழுத்தையும் தடுமாறித்தான் படிக்கிறானா என்று கவனியுங்கள். அப்படியானால் வாசிப்பைத் தனியாகப் பார்க்க வேண்டும். உங்கள் வட்டாரத்து பி.ஆர்.சி.-யில் (வட்டார வள மையம்) சிறப்பு ஆசிரியர்கள் இருப்பார்கள், முதல் ஆலோசனைக்கு அங்கே போகலாம்.

பள்ளியிடம் என்ன கேட்கலாம்

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: கல்வி உரிமைச் சட்டப்படி இரண்டாம் வகுப்பில் பிள்ளையை நிறுத்திவைக்க முடியாது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும் 5, 8 ஆகிய இரு வகுப்புகளில்தான் அதற்கு இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள், அதே வகுப்பில் அதே சார்ட்டை இன்னொரு வருஷம் படித்து என்ன ஆகப்போகிறது?

வெளியே நிற்க வைத்தது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்) அலுவலகத்திலும் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்திலும் முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் புகார் கொடுத்த மறுநாளும் அவன் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். அதனால் முதலில் டீச்சரை நேரில் பாருங்கள். ஆறாவது கேள்வியைக் காட்டி, “சார்ட்டைப் பார்த்துத்தான் டீச்சர் இப்படி எழுதியிருக்கான்” என்று மெதுவாகச் சொல்லுங்கள். பெரிய வகுப்பைச் சமாளிக்கும் ஒரு டீச்சருக்குச் சார்ட் ஒரு சுலப வழி, அவ்வளவுதான். பிள்ளையைக் கெடுக்க நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார். கேள்வியை ஒரு முறை மலையாளத்தில் வாசித்துக் காட்டினால் போதும் என்று கேளுங்கள், அவனுக்கு அது புரியும். அதற்குப் பிறகும் வெளியே நிறுத்தினால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் கேள்வித்தாள் கேட்கும் உரிமை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. அரசியல் சாசனத்தின் 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்கிறது. 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது சேர்த்த பிரிவு அது. சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியிலும் தமிழ் மீடியம் அரசுப் பள்ளிகள் இருப்பதும், கேரள அரசே தமிழில் பாடநூல் அச்சிடுவதும் அந்த வழியில்தான். ஆனால் நீங்கள் விரும்பிச் சேர்த்த தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியை, தமிழில் கேள்வித்தாள் கொடு என்று அதை வைத்துக் கட்டாயப்படுத்த முடியாது.

பழைய பள்ளிக்குத் திரும்புவதா என்பதில் என் கருத்து: இந்தக் கணக்குக்காக மட்டும் வருஷ நடுவில் மாற்ற வேண்டாம். அவனுக்கு அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள், பஸ்ஸில் போகப் பிடிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தண்டனை தொடர்ந்தால், அல்லது காலையில் வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தால், யோசிக்காமல் மாற்றுங்கள். தமிழ் மீடியத்துக்குத் திரும்பினால் பின்தங்கிவிடுவான் என்ற பயம் வேண்டாம். இந்த வயதில் கணக்கைத் தாய்மொழியில் அழுத்தமாகப் பிடித்த பிள்ளை, பிறகு எந்த மொழியிலும் அதை எடுத்துச் செல்வான். மூன்றாம் வகுப்பு ஆரம்பத்தில் நிதானமாக முடிவெடுக்கலாம்.

இப்போதைக்கு வீட்டுச் சுவரில் இருக்கும் சார்ட்டை எடுத்துவிடுங்கள். ஒரு மாதம், ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். அவன் சொல்வதை அவன் வார்த்தையிலேயே ஒரு நோட்டில் நீங்கள் எழுதுங்கள், பட்டையும் குறியும் அவன் போடட்டும். மாத முடிவில் அந்த நோட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். முத்து, ராஜு கோலிக்குண்டுக் கணக்கை அவனே மறுபடி போட்ட பக்கத்தை மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள்.